பழுது "பார்ப்பது" என்றால் என்ன?

பழைய புல்லட் ஒன்று வீட்டில் நின்றால், அந்த வீட்டில் தானாகவே இரண்டு கட்சிகள் முளைத்துவிடும். ஒன்று காயலான் கடைக் கட்சி. "எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது, வந்த வெலைக்குத் தள்ளி விடு" என்பது அதன் கொள்கை. இன்னொன்று தொடாதே கட்சி. "அது அவரு வண்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பது அதன் கொள்கை. இரண்டு கட்சிகளும் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டே இருக்க, நடுவில் வண்டி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை.

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் ஒரு 1973 மாடல் 350 புல்லட் எட்டு வருஷம் தாழ்வாரத்தில் நின்றது. ஓட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காயலான் கடைக் கட்சிக்குச் சித்தப்பா தலைவர். தொடாதே கட்சிக்குப் பாட்டி. அப்பா வழக்கம்போல நடுநிலை. இந்த நேரத்தில் மூன்றாவதாக ஒரு கட்சி உதயமானது: ஓட்டும் கட்சி. உறுப்பினர் ஒரே ஒருவன். பேரன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. (அதுவரை ஸ்பானர் பிடித்தது லேப் பரீட்சையில் மட்டும் :))

ஒரு மாச லீவு. அதற்குள் வண்டியை ஓட வைத்தால் வண்டி அவனுக்கு. முடியாவிட்டால் சித்தப்பா சொன்னபடி எடைக்கு. இதுதான் ஒப்பந்தம்.

வீட்டில் வைத்துப் பழைய பைக்கைச் சரி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, புல்லட்டை விட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. 1955-ல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். பிறந்த ஊரில் தொழிற்சாலை மூடிய பிறகும் வடசென்னையில் வண்டி வந்துகொண்டே இருந்தது. 70 மி.மீ. சிலிண்டர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 346 சி.சி. இந்த இரும்பு இன்ஜினின் அடிப்படை பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவே இல்லை. அதனால்தான் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் தாத்தா காலத்து வண்டிக்கும் சாமான் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

கைக்கு எட்டுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதல் நாளே ஒரு நட்டு போச்சு. 13-ம் நம்பர் ஸ்பானர் லூசாக இருந்தது, 12 நுழையவில்லை. சரி என்று 13-ஐயே போட்டு மிதித்தான். நட்டின் மூலைகள் வழுக்கி, முட்டை மாதிரி உருண்டையாகிவிட்டது. பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் அளவு மரைகள்தான். ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-ல் வகுத்த அளவு முறையும் அதன் பங்காளி முறைகளும். இந்த ஸ்பானர்களில் போட்டிருக்கும் எண் ஸ்பானர் வாயின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். நம் ஊர் மில்லிமீட்டர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி இருக்கும். அந்தக் "கிட்டத்தட்ட"தான் நட்டுக்கு எமன்.

பரணில் தாத்தாவின் டூல்ஸ் பை இருந்தது. எண்ணெய் ஊறிப்போன காக்கிப் பை. உள்ளே எல்லா ஸ்பானரிலும் ஒரு பக்கம் பின்னத்தில் எண்கள். இது என்ன கணக்கு என்று வீட்டில் எல்லோரும் பல வருஷம் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்குதான் சரியான கணக்கு.

பெட்ரோல் டாங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய பெயின்ட் மாதிரி ஒரு நெடி. அடியில் துரு மண். டாங்கைக் கழற்றி, வெட்ட வெளியில் வைத்து, ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கி, மறுபடி மறுபடி கழுவியதில் இரண்டு நாள் போனது. (போட்ட நட்டுகளை எண்ணிப் போட வேண்டும், எண்ணி எடுக்க வேண்டும். பக்கத்தில் பீடி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. காலி டாங்கில் மிஞ்சும் ஆவி, நிரம்பிய டாங்கை விட மோசமானது.) கார்ப்ரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி உறைந்திருந்தது. ஜெட் துவாரத்தைக் கம்பி விட்டுக் குத்தாமல் ஊற வைத்துச் சுத்தம் செய்தான். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் கலவைக் கணக்கு கெட்டுவிடும். புது டயர், புது டியூப், புது பேட்டரி, புது பிளக், புது ஆயில்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுவது உத்தமம்.

எல்லாம் முடிந்தது. பிளக்கில் பொறி வருகிறது. கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

ஒரு மணி நேரம் உதைத்தான். ஒரு தடவை கிக்கர் திருப்பி அடித்ததில் முழங்கால் வீங்கியது. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பாட்டி உள்ளே இருந்து வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னது:

"ஏண்டா இப்படி எருமையை ஒதைக்கிற மாதிரி ஒதைக்கிற? அவரு இப்படியா ஒதைச்சாரு? மொதல்ல மெதுவா அமுக்குவாரு. லைட்டு மேல ஒரு முள்ளு இருக்குல்ல, அது நடுவுக்கு வரும். வந்ததும் அந்தக் குட்டி லிவரப் புடிச்சிக்கிட்டு இன்னும் துளி அமுக்குவாரு. அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே ஒதை."

பாட்டிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வண்டியின் பின் சீட்டில் ஏறுவதற்காகப் பக்கத்தில் நின்றிருக்கிறது. நின்ற நேரமெல்லாம் பார்த்திருக்கிறது.

பாட்டி சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அமுக்கினால், பாயின்ட் சேர்ந்திருக்கும் வரை கரன்ட் ஓடுவதால் ஆம்ப் மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சிக்கு வரும்போது பாயின்ட் பிரியும், முள் நடுவுக்குத் திரும்பும். "நான் உச்சிக்கு வந்துவிட்டேன்" என்று வண்டி சொல்கிற இடம் அது. டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து அழுத்தத்தைத் திறந்துவிட்டு, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு துளி கீழே தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, அப்புறம் முழு உதை. இப்படிச் செய்தால் இன்ஜினுக்கு அடுத்த அழுத்தம் வருவதற்குள் ஓடி வேகம் எடுக்க இடம் கிடைக்கிறது. கிக்கரும் திருப்பி அடிக்காது. பலம் வேண்டாம், இடம் தெரிந்தால் போதும்.

மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. சித்தப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். பாட்டி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது.

இங்கே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஓட ஆரம்பித்த வண்டியைச் சும்மா விட மனசு வருமா?

வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது வாரம். பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. வலது பக்கம் டைமிங் கவரைக் கழற்றினான். உள்ளே பல் சக்கரங்கள் எல்லாம் அழகாக இருந்தன. படம் எடுத்தான், நண்பர்களுக்கு அனுப்பினான். புது பேக்கிங் வெட்டி, கவரைத் திரும்ப மாட்டினான். ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகவில்லை. புல்லட் ஆயில் ஒழுகும் என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போய்த் திரும்பும் வழியில், கீழே இருந்து ஒரு சத்தம். டேப்பட் சத்தம் மாதிரி மேலே கிடுகிடுவென்று கேட்கிற சத்தம் இல்லை. அடி வயிற்றில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி, கனமாக. ஊர் வந்து சேர்வதற்குள் வண்டி நின்றுவிட்டது.

வண்டியை மினி வேனில் ஏற்றி, தாத்தா காலத்தில் பழக்கமான ஒரு மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்பானரைத் தொடவே இல்லை. கிக்கரைக் கையால் மேலும் கீழும் அசைத்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு கேட்டார்:

"தம்பி, டைமிங் கவரைத் தொறந்தீங்களா?"

"ஆமா பாய்."

"கார்க்கு மாத்துனீங்களா?"

"எந்தக் கார்க்?"

பாய் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அதான்" என்றார்.

விஷயம் இதுதான். புல்லட்டில் ஆயில் பம்ப் அனுப்பும் ஆயில், டைமிங் கவருக்குள் இருக்கும் பாதை வழியாக வந்து, கிராங்கின் நுனிக்குள் நுழைந்து, பெரிய முனை பேரிங்குக்குப் போகிறது. கவரும் கிராங்கும் சந்திக்கும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன கார்க் சீல். கவரைக் கழற்றினால் அதை மாற்றியே ஆக வேண்டும். புதியதை ஆயிலில் ஊற வைத்துப் போட வேண்டும். எட்டு வருஷம் சும்மா நின்ற வண்டியில் பழைய கார்க் காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு தடவை கழற்றி மாட்டியதும் அதன் பிடிப்பு போனது. பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து திரும்பிவிட்டது. வெளியே ஒரு சொட்டு கிடையாது.

புல்லட்டில் வெளியே ஒழுகும் ஆயிலால் அழுக்காவது சட்டையும் தரையும்தான். இன்ஜினைக் கொன்றது வெளியே தெரியாத ஒழுகல்.

கிராங்கைப் பிரித்து, லேத் பட்டறையில் புது பின், புது புஷ் போட்டு, கோணல் பார்த்து எடுக்க மூன்று வாரம் ஆனது. செலவு ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் கட்டணத்தைத் தொட்டது. ஒப்பந்தப்படி வண்டியை எடைக்குப் போட்டிருக்க வேண்டும், லீவு முடிந்துவிட்டது. பணம் கொடுத்தது யார் தெரியுமா? சித்தப்பா. "ஓடுச்சுல்ல, நான் பாத்தேன்" என்று மட்டும் சொன்னாராம்.

பாய் கடைசியாகச் சொன்னதைப் பையன் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். "வண்டி கெட்டா தொறக்கணும். கெடலன்னா பாக்கணும். தொறக்குறது வேற, பாக்குறது வேற."

தமிழில் இதற்கு எவ்வளவு சரியான சொல் இருக்கிறது என்று பாருங்கள். பழுது பார்ப்பது. பழுதை நீக்குவது என்றோ மாற்றுவது என்றோ சொல்லாமல், பார்ப்பது என்றார்கள். வைத்தியம் பார்ப்பது மாதிரி, குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி. பார்த்தலில் பாதி வேலை முடிந்துவிடும் என்று சொல் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தில் அதற்கப்புறம் இருப்பதெல்லாம் பார்க்கிற வேலைகள்தான். பழைய பைக் வைத்திருக்கும் யாருக்கும் உதவும் என்பதால் சில:

ஆயில் அளவு: கொஞ்ச நாள் நின்ற புல்லட்டில் ஆயில் குச்சியைப் பார்த்தால் ஆயில் குறைந்திருக்கும். உடனே ஊற்றக் கூடாது. தேய்ந்த பம்ப் வழியாக ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் பக்கம் தேங்கியிருக்கலாம். காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. வண்டியைச் சில நிமிஷம் ஓட விட்டால் (முதலில் புகை வரும், பயப்பட வேண்டாம்) பம்ப் அதைத் திரும்பக் கொண்டு வந்துவிடும். பிறகு அளவு பார்க்க வேண்டும். பார்க்காமல் ஊற்றியவர்களின் வண்டிதான் ஆயிலைக் கண்ட இடத்தில் துப்பும்.

டேப்பட்: இன்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் இருக்கும்போது பார்க்க வேண்டும். அளவு தகடு வேண்டாம். புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. விரலுக்குப் பழக நாலைந்து தடவை ஆகும்.

பாயின்ட்: முழுதாகப் பிரியும்போது இடைவெளி சுமார் 0.4 மி.மீ. தடித்த, சுத்தமான அட்டையை நடுவில் விட்டு இழுத்தால் அழுக்கு வந்துவிடும். வண்டி வெயிலில் மக்கர் செய்கிறது என்று கார்ப்ரேட்டரைக் கழற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு பழுது இங்கேதான் இருக்கும்.

பெட்ரோல்: 2025-ல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. இந்த வண்டிகள் பிறந்தபோது அதை யாரும் கனவில்கூட நினைக்கவில்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊத வைக்கும், டாங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கிளப்பும். எனவே பெட்ரோல் டியூப், ரப்பர் வாசர்களை அதற்குத் தாங்குகிற வகையில் மாற்றிவிட வேண்டும். ஒரு மாசத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்ரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும்.

இவற்றை விட முக்கியமான வைத்தியம் ஒன்று உண்டு. ஓட்டுவது. வாரத்துக்கு ஒரு தடவை, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை. பழைய வண்டிகள் ஓடித் தேய்ந்ததை விட நின்று கெட்டதுதான் அதிகம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். பத்து வருஷத்துக்குச் செல்லும். 1973 மாடலுக்குத் தகுதி வந்துவிட்டது. ஊரில் நாலு பேர், "பண்ணுப்பா, கெத்தா இருக்கும், விலையும் ஏறும்" என்றார்கள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம், தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது.

அதாவது தொடாதே கட்சிக்கு அரசு முத்திரை.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றி, பாக்கியெல்லாம் கட்டி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, வழக்கமான ஐந்து வருஷப் புதுப்பிப்புதான் எடுத்தான். அலைச்சல் அதிகம், கெத்து கம்மி. ஆனால் சந்தைக்குப் போய் வெங்காயம் வாங்கி வரலாம்.

பெயின்டும் அடிக்கவில்லை. டாங்கின் இரண்டு பக்கமும் தங்கக் கோடுகள் இருக்கின்றன. திருவொற்றியூரில் அவற்றை ஸ்டிக்கராக ஒட்டவில்லை, தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். அந்த டாங்கை உற்றுப் பார்த்தால் இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் ஒரு மயிரிழை வித்தியாசப்படும். தாத்தாவின் முழங்கால் உரசிய இடத்தில் மட்டும் கோடு தேய்ந்து போயிருக்கிறது. புது பெயின்ட் அடித்தால் வண்டி பளபளக்கும், கோடும் போகும், தேய்மானமும் போகும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். இந்த ஒரு விஷயத்தில் அவனும் தொடாதே கட்சிதான்.

போன மாசம் லீவில் வந்தவன் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து தாழ்வாரத்தில் ஓடவிட்டிருந்தான். உள்ளே பாட்டி காய் நறுக்கிக்கொண்டிருந்தது. கத்தியை நிறுத்திவிட்டு, "சத்தம் நேத்து மாதிரி இல்லையே" என்றது. அவனுக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, ஆற வைத்து, டேப்பட் மூடியைத் திறந்து, விரலால் சுற்றிப் பார்த்தான்.

ஒரு புஷ் ராடு லேசாக மேலும் கீழும் ஆடியது.